தள்ளிப்போட்ட பயணம்

ராட்டினத்தில் ஏறினால் எனக்கு வாந்தி வரும். சின்ன வயதில் திருவள்ளூர் திருவிழாவில் ஒருமுறை ஏறிப் பார்த்ததோடு சரி. உலகத்தில் இருக்கிற பெரிய தீம் பார்க்குகளை எல்லாம் சுற்றிவரத் திட்டம் போட்டவன் அதில் ஆசை பிடித்தவனாகத்தான் இருப்பான் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது, ஐயா. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அதில் ஆசை கிடையாது. ஆசைப்பட்டவர்கள் வேறு.

என் பெயர் சுப்பராயன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. உயரத்தில் ஏறுவது, தொட்டிக்குள் இறங்குவது, வெல்டிங் வைப்பது என்று ஆபத்தான வேலை எதுவானாலும் நான் போய் இடத்தைப் பார்த்து, பெர்மிட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தொடங்குவார்கள். நான் கையெழுத்துப் போட்ட வேலையில் ஒருவனுக்கு விரல் நசுங்கியதுகூட இல்லை. அந்த ஒரு நாளைத் தவிர.

சொந்த ஊர் கடம்பத்தூர் பக்கம். நிலத்தை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். என் மனைவி அருணா ஒரு ஆடி மாதம் தாய்வீட்டுக்குப் போனாள். ஆவணி வந்தது, அவள் வரவில்லை. கூப்பிடப் போனேன். "உங்ககூட இருந்தா ஆளே இல்லாத ஊட்ல இருக்கற மாதிரி இருக்குது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை எடுத்துக்கொண்டேன். வேலைநாட்களில் ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதான் நகராது. ஜன்னலைத் திறந்தால் இரும்பு ஆலைப் புகை. மூடினால் சுவர்.

வருடத்துக்கு ஒருமுறை கம்பெனியில் எல்லாரையும் குடும்பத்தோடு பஸ்ஸில் ஏற்றி, சென்னைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கூட்டிப்போவார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாருடைய செருப்புக்கும் பைக்கும் காவல் இருப்பேன். அந்த வருடம் என் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டிருந்தாள். உயரம் போதாது என்று ரோலர் கோஸ்டரில் ஏற்றவில்லையாம். எங்கள் ஃபிட்டர் பீட்டரின் மகள் ஜெனி. பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்து, போனில் ஜப்பானில் இருக்கிற ஒரு பெரிய ரோலர் கோஸ்டரைக் காட்டினேன். அழுகை நின்றது. கொஞ்ச நேரத்தில் பீட்டரும் அவன் மனைவி சோனியாவும் சொட்டச் சொட்ட நனைந்து வந்தார்கள். பின்னாலேயே எலக்ட்ரீஷியன் குணாவும் அவன் மனைவி செல்வியும். எல்லாரும் என் போனைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"இது எங்கண்ணா இருக்குது?" என்று கேட்டாள் சோனியா.

"ஜப்பான்லம்மா. இதவிடப் பெருசு அமெரிக்காவுல இருக்குது."

"போனா எல்லாத்தயும் ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்துடணும்ணா" என்றான் குணா. "சிங்கப்பூரு, ஜப்பானு, பாரிசு. நாம எல்லாருமா. நீங்கதான் லீடரு."

அது விளையாட்டுக்குச் சொன்னது என்று எனக்குத் தெரியும். பிறகு சோனியா தான் கட்டிவந்த புளிச்சோற்றில் ஒரு பங்கை டப்பா மூடியில் போட்டு என்னிடம் நீட்டினாள். "நீங்க இன்னும் சாப்டவே இல்லியேண்ணா" என்றாள். அது விளையாட்டுக்குச் சொன்னது இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பீட்டர் வீட்டுக்குப் போனேன். "நெஜமாவே வந்துட்டாருடி" என்று பீட்டர் உள்ளே பார்த்துச் சிரித்தான். மத்தியானத்துக்குள் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. முதலில் சிங்கப்பூர், பிறகு ஹாங்காங், ஜப்பான், அப்புறம் பாரிஸ், கடைசியில் அமெரிக்கா. வருடத்துக்கு ஒரு ஊர் என்று வழி போட்டுக் காட்டினேன். குணாவும் செல்வியும் அதற்கடுத்த வாரத்திலிருந்து வந்தார்கள். எந்த மாதம் எங்கே மழை, எந்த ராட்டினத்துக்கு எவ்வளவு உயரம் வேண்டும், எந்த வாசலில் நுழைந்தால் வரிசை குறைவு என்று நான் வாரம் முழுக்கப் படித்துவைத்து ஞாயிற்றுக்கிழமை சொல்வேன். அங்கே பிரியாணி கிடைக்குமா என்று குணா கேட்பான். விமானத்தில் காது அடைக்குமா என்று செல்வி கேட்பாள். சோனியா செல்போன் பாகங்கள் பொருத்தும் கம்பெனியில் வேலை பார்த்தாள். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த கண்ணோடு எனக்கு நாஷ்டா வைத்துவிட்டு, "ஒரே ஸ்க்ரூவ நாள் முச்சூடும் மாட்டிக்கினு கெடக்கறவளுக்குப் பாரிசாம்" என்பாள். ஆனாலும் பக்கத்தில் வந்து உட்காருவாள். ஜெனியைக் கதவோரம் நிறுத்தி உயரம் அளந்து பென்சிலால் கோடு போடுவோம். என் வாழ்க்கையில் யாரும் அத்தனை கவனமாக நான் பேசுவதைக் கேட்டதில்லை.

அந்தப் பயணத்தை நான் தடுத்ததாக யாரும் சொல்ல முடியாது. ஏற்பாட்டில் அவசரம் கூடாது என்பது என் வேலைப் பழக்கம். பாஸ்போர்ட்டுக்குக் கொடுக்க வேண்டிய குணாவின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் தப்பாக இருந்தது. நான் திருத்தித் தருகிறேன் என்று வாங்கிவந்து என் அலமாரியில் வைத்திருந்தேன். அதில் ஒரு வருடம் போயிற்று. அடுத்த வருடம், முக்கியமான ராட்டினத்தைப் பழுது பார்க்க மூடிவிட்டார்கள் என்றேன். அது உண்மைதான், ஆனால் வேறு ஊரில். அதற்கடுத்து, ஜெனிக்கு உயரம் போதாது, போய் அங்கேயும் அழுவாள் என்றேன். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். பிள்ளை வளர்ந்துகொண்டே இருந்தது. அதை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பீட்டர்தான் அவசரக்காரன். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்ததையும் சோனியா சீட்டு எடுத்ததையும் போட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பஜாரில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் எல்லாருக்கும் சிங்கப்பூர் டிக்கெட் எடுத்துவிட்டான். குணாவின் சான்றிதழைக்கூட வேறு வழியில் புதிதாக வாங்கியிருந்தார்கள். பொங்கல் லீவில் கிளம்புவது என்று முடிவு. எனக்குக் கேன்டீனில் வைத்துச் சொன்னான்.

"உங்களுக்கும் சேத்துதாண்ணா போட்டுருக்கேன். எங்களுக்காக எவ்ளோ பேஜாரு பட்டுருக்கீங்க. எங்க செலவு."

நல்ல பையன். நான் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே சோனியா தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இந்த டூரு முடிஞ்சாப் போதும்கா. ஞாயித்துக்கிழம ஆனா அந்த அண்ணன் வந்து உக்காந்துக்கினு எழுந்திரிக்கவே மாட்டேங்குது. பாவம், சொல்லவும் முடியல. போய்ட்டு வந்துட்டா அதோட உட்டுடும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. வேலைக்குப் போகிற பெண்ணுக்குக் கிடைப்பது ஒரு நாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்து போய், வழக்கமான நேரத்துக்குத் திரும்பி வந்தேன். அன்றைக்கு அவள் கொடுத்த இட்லியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். எனக்கு அவள்மேல் வருத்தம் கிடையாது. ஒரு விஷயம் மட்டும் தெளிவாயிற்று. இவர்கள் போய்விட்டு வந்துவிட்டால் எனக்கு அந்த வீடு இல்லை.

பொங்கலுக்கு முன்னால் கம்பெனியில் ஒரு ரியாக்டருக்குள் இறங்கிப் பழுது பார்க்கும் வேலை வந்தது. பீட்டர் இறங்க வேண்டும், குணா மேலே துணைக்கு. ரியாக்டர் என்றால் மூடிய பெரிய கொப்பரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு ஆள் நுழைகிற வாய் மட்டும் இருக்கும். உள்ளே தீப்பிடிக்காமல் இருக்க நைட்ரஜன் விடுவார்கள். ஆள் இறங்குவதற்கு முன் அந்தக் குழாயைக் கழற்றிவிட வேண்டும், உள்ளே நல்ல காற்று இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. உள்ளே போனவனுக்கு மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது.

குழாயைக் கழற்றவில்லை, வால்வை மட்டும் மூடியிருந்தார்கள், பழைய வால்வு கசிந்துவிட்டது என்று உங்கள் கோப்பில் இருக்கும். ஆபரேட்டர் கலியன் வால்வைச் சரியாக மூடவில்லை என்று அவரைப் பிடித்துவைத்து, இப்போது ஜாமீனில் விட்டிருக்கிறீர்கள். அது சரியில்லை, ஐயா. கலியன் இறுக்கித்தான் மூடியிருந்தார். வால்வு இருக்கிற இரும்புப் பிளாட்பாரத்தில் ஏறி நான் தொட்டுப் பார்த்தேன். பிறகு நான்தான் அதைக் கொஞ்சம் திறந்துவிட்டேன். கீழே இறங்கும்போது குணா எதிரில் வந்தான்.

"இன்னாண்ணா, அங்க போய்க்கினு வரீங்க?"

"செக் பண்ணேன்பா" என்றேன்.

மீட்டரை நானே பார்த்துக்கொண்டதாகச் சொல்லி பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டேன். இடுப்பில் கட்டும் கயிறு ஸ்டோரில் இருந்தது. போய் எடுத்துவரட்டுமா என்று பீட்டர் கேட்டான். சின்ன வேலைதானே என்றேன். அவன் என் கையெழுத்தை நம்பினான். இறங்கும்போதுகூட, "அண்ணா, ஜெனிக்கு ஸ்வெட்டர் எடுக்கணுமா? அங்க குளிருமா?" என்று கேட்டான். குளிராது என்றேன்.

பீட்டர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மயங்கி விழுவான், தூக்கிவிடுவோம், ஆஸ்பத்திரி, ஓய்வு, பயணம் தள்ளிப்போகும். அவ்வளவுதான் என் கணக்கு. ஆனால் அவன் விழுந்த சத்தம் கேட்டதும் குணா ரியாக்டரின் வாய்க்குள் காலை விட்டுவிட்டான். மூச்சுக்கருவி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்று அந்தக் கம்பெனியில் எல்லாருக்கும் வகுப்பு எடுத்தவன் நான். அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"உடுங்கண்ணா, செத்துடுவாரு. உடுங்க."

அப்போது அவன் என் முகத்தைப் பார்த்தான். பிளாட்பாரத்திலிருந்து நான் இறங்கி வந்ததை அவன் பார்த்திருக்கிறான் என்பது எனக்கு நினைவு வந்தது. கையை விட்டேன்.

இரண்டு பேரையும் வெளியே எடுத்தபோது செய்வதற்கு ஒன்றும் இல்லை.

பீட்டரைக் கல்லறைத் தோட்டத்துக்கும் குணாவைச் சுடுகாட்டுக்கும் கொண்டுபோக வண்டி, பூ, ஆள் எல்லாம் நான்தான் ஏற்பாடு செய்தேன். செல்வி என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பீட்டர் வீட்டுக்குப் போனேன். அதற்கடுத்ததும் போனேன். லேப்டாப் கொண்டுபோகவில்லை. இழப்பீட்டு மனு எழுதுவது, வாரிசுச் சான்றிதழுக்கு அலைவது என்று அவர்களுக்கு நான் தேவைப்பட்டேன். சோனியா எதிரில் உட்கார்ந்து நான் சொல்வதையெல்லாம் கேட்டாள். மறைக்காமல் சொல்கிறேன், முன்பு இருந்ததைவிட நன்றாகவே இருந்தது.

போன வாரம் ஜெனிதான் கதவைத் திறந்தாள். "மாமா, நாங்க மே மாசம் சிங்கப்பூர் போறோம். அம்மா, செல்வி அத்த, நானு."

டிராவல்ஸ்காரர் இரக்கப்பட்டு டிக்கெட்டை வேறு தேதிக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். பீட்டர் ஆசையாக எடுத்தது, பிள்ளை கேட்கிறாள், ஒரு தடவை போய்விட்டு வந்துவிடுகிறோம் என்றாள் சோனியா. என்னுடைய டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டார்களாம்.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா" என்றாள். "இனிமே ஞாயித்துக்கிழம வராதீங்க. உங்களப் பாத்தா அன்னிக்கி நடந்ததே கண்ணு முன்னாடி வருது. நாங்க அக்கா ஊட்டுப் பக்கம் செவ்வாப்பேட்டைக்கே போயிடலாம்னு இருக்கோம்."

நியாயமான பேச்சு. நான் எழுந்து வந்துவிட்டேன். ஒரு வாரம் யோசித்துத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

கலியனுக்காக வந்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. கையெழுத்து எங்கே வேண்டுமோ போடுகிறேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இது கொலை வழக்காக மாறினால் சோனியாவும் செல்வியும் முக்கியமான சாட்சிகள் இல்லையா? கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் வெளிநாடு போகக் கூடாது என்று சொல்லிவிடுவீர்கள்தானே? மே மாதத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு கடிதம் போய்விட்டால் நல்லது. வழக்கு முடிய வருடங்கள் ஆகும். வாய்தாவுக்கு வாய்தா எல்லாரும் திருவள்ளூர் கோர்ட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும்.

ஜெயிலில் ஞாயிற்றுக்கிழமை மனு போட்டுப் பார்க்க விடுவார்களா, ஐயா? சோனியா வருவாள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கவாவது வருவாள். ஒரே தடவையில் எல்லாவற்றையும் சொல்லிவிட மாட்டேன்.