பத்து மாடிப் பூட்டுக்கடை

"ஹலோ… சொல்லுங்கண்ணே. ஆமா ஆமா, படம் அனுப்பினது நான்தான்… பிடிச்சிருக்கா? அப்பாடா."

எத்தனையோ தடவை திருப்பி அனுப்பப்பட்ட லோகோ. பூட்டுக்கடைக்காரர் வாயிலிருந்து ஓகே என்ற சொல் இன்றாவது உதிரும் என்று டிசைனர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டார். பின்னால் மனைவி போட்ட வாஷிங் மெஷின் குதித்துக்கொண்டிருந்தது.

"இந்தச் சத்தமா… பிரிண்டிங் மெஷின்ணே. ஆபீஸ்ல வேலை நெருக்கடி… சரி, லோகோ ஓகேதானே? அந்தச் சாவி வளைஞ்சு… எது? கட்டடமா?… ஆமா, பத்து மாடி இருக்கும்… எங்க இருக்குன்னு எனக்கெப்படிண்ணே தெரியும்? அது மாக்கப். நெட்ல சும்மா கிடைக்கிற படம். போர்டா மாட்டினா லோகோ எப்படி இருக்கும்னு அதுல ஒட்டிக் காட்டினேன்… ஆமா, உங்க கடை ஒத்தை ஷட்டர்தான், தெரியும்… யாருக்கு அனுப்பினீங்க?"

டிசைனர் மெதுவாக உட்கார்ந்தார்.

"சம்பந்தி வீட்டுக்கா?… நம்ம கடைதான்னு சொல்லிட்டீங்க… சரி… சரி… படத்தைப் பார்த்ததும் நாளைக்கே நேர்ல வர்றோம்னுட்டாங்களா. அண்ணே, பழியை என் தலையில போடாதீங்க. உள்ளதைச் சொல்லிடுங்க… உங்க பொண்ணு கல்யாணம் நின்னுடுமா… அவங்க அவ்வளவு பெரிய இடமா? மாப்பிள்ளை கம்பெனி படம் இருக்கா? அனுப்புங்க, பார்க்கிறேன்."

படம் வந்தது. டிசைனர் பெரிதாக்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். வாய் தானாக இளித்தது.

"அண்ணே, வாசல்ல மஞ்சள் சைக்கிள் ஒண்ணு நிக்குதா?… பக்கத்துல குடையோட ஒரு அம்மா?… இப்ப நம்ம படத்தை எடுங்க… அதே அம்மாதான். அதே குடை. போர்டு மட்டும்தான் வேற… சத்தியமா நான் செய்யலண்ணே. ஓசியில கிடைக்குதுன்னு எல்லா டிசைனரும் இதைத்தான் எடுக்கறான்… உங்க படத்தைப் பார்த்ததும் தங்க குட்டு உடைஞ்சிடும்னு அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும், அதான் பதறி அடிச்சுக்கிட்டு வர்றாங்க. கட்டடம் பார்க்க இல்ல, உங்க வாயை அடைக்க… அப்புறமென்ன, பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே கட்டடம், இதைவிடப் பொருத்தம் எங்க கிடைக்கும்? சிரிச்சுப் பேசி முடிச்சிடுங்க… சந்தோஷம்ணே. அந்த லோகோ மட்டும் ஓகே சொல்லிட்டீங்கன்னா… என்னது?… வேற கட்டடமா… அவங்களைவிட நாலு மாடி கூட… எங்கன்னு கேட்டா?… ஓ, இனிமே கட்டப்போறதுன்னு சொல்லிக்குவீங்க… ஆமா ஆமா, சைக்கிள் வேண்டாம், கார்… போட்டுடறேன். அண்ணே, லோகோ… அந்தச் சாவி வளைஞ்சு… ஹலோ?… ஹலோ?"