சொந்தப் பாட்டைக் களவெடுத்தவர்

"என்ர பாட்டை நானே இன்டர்நெட்டில இருந்து களவாத்தான் இறக்கினனான்" என்று எதிரே கிற்றார்ப் பையை மடியில் வைத்திருந்தவர் சொன்னார். வெள்ளவத்தையில் ரயில் ஏறி அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். கையிலிருந்த போனைப் பார்க்க மறந்துவிட்டேன்.

"அதுக்கென்ன மச்சான்? அரசாங்கம் போடப்போற இந்த இன்டர்நெட் வரி வந்தா உனக்கு நல்லதுதானே" என்றார் அவருக்குப் பக்கத்திலிருந்த நண்பர். "இன்டர்நெட் பாவிக்கிற எல்லாரிட்டையும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, களவா இறக்கிறதால நட்டப்பட்ட பாட்டுக்காரருக்குக் குடுக்கப் போறாங்களாம்."

"என்னடா நல்லது? நான் பாடின சீடி என்னட்டையே ஒண்டும் இல்லை. மகள் தன்ர கலியாணத்தில போடோணும் எண்டு கேட்டாள். தேடினா, ஆரோ களவாப் போட்ட வெப்சைட்டிலதான் கிடக்கு. அதுக்கு நானே தண்டம் கட்டோணுமோ?"

"கட்டினாலும் பிறகு உனக்குத்தானே திரும்பி வரும்."

பாடகர் தன் போனில் அந்த வெப்சைட்டைத் திறந்து நண்பரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"வாசிச்சுப் பார். 'பாடியவர் பெயர் தெரியவில்லை' எண்டு போட்டிருக்கிறாங்கள். இனி ஆருக்கடா குடுப்பாங்கள்? வரியோட இன்டர்நெட் பில் அனுப்பேக்க மட்டும் என்ர பேர், அட்ரஸ் எல்லாம் வடிவாத் தெரியும்!"