எனக்குப் போட முடியாத ஊசி

நந்தனம் தாண்டிய பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் முகக்கவசம் அணிந்த பெண் ஒருத்தி தன் தங்கையிடம் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மைத் தடுப்பூசில உயிரோட கிருமி இருக்குன்னா, அது ஊசிக்குள்ள நெளியுமான்னு கேக்கறா, நம்ம மன்னி!"

"அதைப் பலவீனமாக்கித்தானே போடறா, அக்கா? சொல்றதுதானே?"

"சொன்னேனே! கிட்னி மாத்தினவளுக்கு அந்தப் பலவீனக் கிருமியே ஆபத்து, எனக்குப் போட முடியாது, சுத்தி இருக்கறவா போட்டுண்டாத்தான் எனக்குப் பாதுகாப்புன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அவ தன் குழந்தைக்குப் போடவே இல்லை. நேத்து உடம்புல கொப்புளத்தோட அதை என் மடியில கொண்டுவந்து உக்கார வெச்சா. கேட்டா, கொசுக்கடியாம்!"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"பதறிப்போய் உடனே வரச் சொல்லியிருக்கார். இனிமே மருந்து, மாத்திரை, பயம், எல்லாம் எனக்குத்தான்."

கைபேசி ஒலித்தது. தங்கைதான் எடுத்துப் பேசினாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மன்னிதான். அம்மைதானாம். அத்தை வேணும்னு குழந்தை அழறதாம்."

அக்காவின் கண்கள் நிறைந்தன. குரல் மட்டும் தணியவில்லை.

"குழந்தைக்கு அத்தை வேணும், சரி. அந்த அத்தை உயிரோட இருக்கணும்னு அதைப் பெத்தவளுக்கு ஏன்டி தோணலை?"