ஒன்பதாவது குழி

"வெடியோ வெடி! ஒம்போது! படுங்க, படுங்க!"

காத்தான் அண்ணனின் குரல். மூன்று தடவை. கல் குவியலுக்குப் பின்னால் நாங்கள் நான்கு பேர். தம்பி ரவியின் தலையை அமுக்கிப் பிடித்திருக்கிறேன். முதல் வெடி. தரை அதிர்கிறது. இரண்டு. மூன்று. விரல்களை மடக்குகிறேன்.

1979, பங்குனி. செவ்வாய்க்கிழமை. பகல் பன்னிரண்டேகால். பத்து நிமிடம் முன்பின் இருக்கலாம். என்னிடம் கடிகாரம் இல்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

அரியலூருக்கு வெளியே ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம். சுரங்கமும் ஊரும் முதலாளி சோமுவின் கையில். பஸ் ஸ்டாண்டில் அவன் ஆட்கள் மூன்று பேர். ரயில் நிலையத்தில் இரண்டு பேர். அந்தத் தை மாதம் ஓடிய இரண்டு பையன்களைக் கண்டக்டரே இறக்கி ஒப்படைத்தார்.

பள்ளியில் சேர்ப்பதாகச் சொல்லித்தான் குரும்பலூரிலிருந்து எங்களைக் கூட்டிவந்தார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. ரவிக்கு எட்டு. பக்கத்து வீட்டுச் செல்விக்குப் பத்து. பாடாலூர் மணிக்குப் பதினொன்று. கல் பொறுக்கினோம். பதினான்கு மாதம்.

சுரங்கத்தில் ஒரு விதி உண்டு. எத்தனை குழியில் வெடிமருந்து வைத்திருக்கிறது என்பதை வெடிக்காரர் முன்பே கத்திச் சொல்வார். அத்தனை சத்தமும் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால் அரை மணி நேரம் யாரும் தலை தூக்கக் கூடாது. அடியாட்களும் படுத்தே கிடப்பார்கள்.

வெடிக்காரர் காத்தான்தான் வழி சொன்னார். ரவிக்கு அவ்வப்போது பொரிகடலை கொடுப்பவர். நம்பினோம்.

"ஒம்போதுன்னு கத்துவேன். எட்டுதான் வெடிக்கும். கடேசி குழில வெறும் மண்ணு. எட்டு முடிஞ்சதும் அந்தக் குழி ஓரமாவே ஓடிருங்க. அங்க காவல் இல்ல. ஓடையப் புடிச்சா பெரம்பலூர் ரோடு."

"இவன் எண்ணி முடிக்கிறதுக்குள்ள நாம வூட்டுக்கே போயிடலாம்ணே" என்றாள் செல்வி, எதையும் எண்ணிக்கொண்டே இருக்கும் என்னைக் காட்டி. காத்தான் சிரித்தார்.

ஆறு. ஏழு. எட்டு.

நான் எழுந்தேன். "ஓடு!"

செல்வி முன்னால். ரவி அவள் பின்னால். அடுத்து மணி. நான் கடைசி. ஒன்பதாவது குழியின் திரி புகைகிறது. மண்ணுதானே. ரவி திரும்பி என்னைப் பார்க்கிறான். சிரிக்கிறான்.

ஒன்பது.

அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. வெள்ளைத் தூசி மட்டும் தெரிந்தது. வாயில் சுண்ணாம்பு. பிறகு மணியின் அலறல், எங்கோ தூரத்தில் கேட்பதுபோல.

மாலை நான்கு மணிக்குப் போலீஸ் வந்தது. சோமு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காத்தான் கைகட்டி நின்றார்.

"மூணு தடவ ஒம்போதுன்னு கத்துனேன் சார். புள்ளைங்க கேக்கல. வெளையாட்டுப் புத்தி."

"மண்ணுன்னு சொன்னீங்களேண்ணே!" என்று கத்தினேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. சோமுவின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். சித்திரை பிறந்ததும் காத்தான் மேஸ்திரி ஆனார்.

பயந்தாரா, ஆரம்பத்திலிருந்தே சோமுவின் ஆளா? நாற்பத்தைந்து வருடமாக யோசிக்கிறேன். குழியில் மருந்து தானாக ஏறாது. இவ்வளவுதான் எனக்கு உறுதியாகத் தெரியும்.

இழந்ததை எழுதுகிறேன். யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது.

ரவி, எட்டு வயது. அந்த இடத்திலேயே.

மணியின் இடது கால், முழங்காலுக்குக் கீழே.

என் வலது காது.

செல்வி. ஓடைவரை பதினேழு காலடித் தடங்கள் இருந்தன. மறுநாள் நானே எண்ணினேன். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை. ஊருக்கும் அவள் வரவில்லை. அவளைச் செத்தவர் கணக்கில் எழுத எனக்குக் கை வரவில்லை. தப்பியவர் கணக்கிலும் எழுத முடியவில்லை.