கபோலோமாவின் பெயரைக் கூப்பிட்டபோது

மாலை ஐந்தரை மணி. ஜூன் மாதம், எங்கள் பக்கம் குளிர்காலம். ஜோம்பா மலையடிவாரத்தில், டொமாசி போகிற அந்தச் சாலை... உங்களுக்குத் தெரியும், வீடுகளே அதிகம் கிடையாது. மூன்று நாளாகச் சிப்பரோனித் தூறல். மழையும் இல்லை, பனியும் இல்லை, நடுவே ஒரு நசநசப்பு. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. கரி அடுப்பை நடுவில் இழுத்து வைத்துவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதன் ஃபிராக்சனின் அக்கா எனெலேசிக்கு நடந்தது. அவளாகச் சொல்லவில்லை. கெஞ்சிக் கேட்டு வாங்கியது.

அந்தச் சாலையோரத்தில் தனியாக ஒரு தகரக் கூரைக் கட்டடம் இருந்தது. வெள்ளைக்காரர் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் போருக்குப் போய்த் திரும்பியவர்களின் சங்கம். ஒரு காலத்தில் சனிக்கிழமை தவறாமல் கிழவர்கள் மெடல் குத்திக்கொண்டு வந்து, பீர் குடித்து, யார் முதலில் ஆற்றைக் கடந்தது என்று சண்டை போடுவார்கள். ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். எனெலேசியின் அப்பா ஜவுதி நமலோம்பாதான் கடைசிவரை செயலாளர். அவரும் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மிச்சம் ஒரே ஆள், சிட்டாண்டே கபோலோமா. அப்பாவின் உயிர்த் தோழர், எனெலேசிக்குப் பெரியப்பா முறை. அதே சாலையில் கீழே, மருமகள் வீட்டில், நடக்க முடியாமல் கிடந்தார்.

சங்கத்தின் இடத்தை விற்றாகிவிட்டது. மறுநாள் அருங்காட்சியகத்து வண்டி வந்து போட்டோக்களையும் பழைய கோப்புகளையும் ஏற்றிப் போகும். பெயர் ஒட்டாத போட்டோவைத் தொட மாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் தொடாதது குப்பைக்கு. அப்பா கரையான் அண்டாமல் காத்த முகங்கள் குப்பைக்குப் போவதா? எனெலேசி, இறந்துபோன தன் புருஷனின் தம்பி லைட்டோனியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். போட்டோவின் முதுகில் அப்பா பென்சிலால் எழுதிய பெயரை அவள் உரக்கப் படிப்பாள். அவன் சீட்டில் எழுதி ஒட்டுவான்.

"அண்ணி, இந்தக் குளிர்ல இழுத்துட்டு வந்தீங்களே, ராத்திரிக்குக் கோழி உண்டா?"

"உன் எழுத்தே கோழி கிண்டுன மாதிரிதான் இருக்கு. தனியாக் கோழி வேறயா உனக்கு? எழுது. சைதி முக்வாண்டா."

"உள்ளேன் ஐயா!"

எனெலேசி சிரித்தாள். "ரொம்பத்தான் உனக்கு."

லைட்டோனி சிரிக்கவில்லை. "நான் வாயே தொறக்கல அண்ணி."

குரல் வெளியே இருந்து வந்தது. வராந்தாவின் இடது மூலை. எவனாவது குடிகாரன் தூறலுக்கு ஒதுங்கியிருப்பான்... அவள் அடுத்த போட்டோவைத் திருப்பினாள். "யோஹானி சிலிம்பா."

"உள்ளேன் ஐயா!"

வேறு குரல். கொஞ்சம் தடித்த குரல். முதல் குரலுக்குப் பக்கத்தில்... வரிசையில் அடுத்த ஆள் போல.

லைட்டோனி கதவைப் படாரென்று திறந்தான். "எவன்டா அது?" யாரும் இல்லை. வெள்ளையாக மூட்டம். ஆனால் ஒரு வாடை உள்ளே வந்தது. நனைந்த கம்பளி. துப்பாக்கி எண்ணெய். வேர்வை ஊறின தோல். அவன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவள் கையில் அடுத்து வந்தது அந்தப் போட்டோ. பர்மாவில் ஏதோ ஓர் ஆற்றங்கரை. தோள்மேல் கை போட்டுக்கொண்டு இரண்டு பையன்கள். ஒருவர் அவளுடைய அப்பா.

"படிக்காதீங்க அண்ணி. போயிடலாம்."

அவள் அவனைப் பார்த்தாள். எத்தனை வருஷம் ஆகிவிட்டது அப்பாவின் குரலைக் கேட்டு...

"ஜவுதி நமலோம்பா."

"உள்ளேன் ஐயா."

இருமி இருமிச் செத்த கிழவரின் குரல் இல்லை. அவள் பிறப்பதற்கு முந்தைய குரல். இளசு. ஆனால் அப்பாவுக்கு நாக்கு லேசாகத் தட்டும். அந்தத் தட்டல் அப்படியே இருந்தது. எனெலேசிக்குக் கண் நிறைந்துவிட்டது. கலங்கிய கண்ணோடு, பழக்க தோஷத்தில், அதே வரியில் இருந்த அடுத்த பெயரையும் வாய் படித்துவிட்டது.

"சிட்டாண்டே கபோலோமா."

பதில் இல்லை. தகரத்திலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

அவள் மூச்சு விட்டாள். அவர்தான் உயிரோடு இருக்கிறாரே. எப்படிப் பதில் வரும்?

அப்போது வெளியே, புதிதாக ஒரு குரல். கரகரப்பு. அதட்டிப் பழகிய குரல்.

"சிட்டாண்டே கபோலோமா!"

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி, இன்னும் உரக்க. மறுபடி...

பிறகு பூட்ஸ் சத்தம். ஏகப்பட்ட பூட்ஸ்கள், ஒரே சமயத்தில் திரும்பின. சரளைக்கல் நொறுங்கியது. நடந்தார்கள். டவுன் பக்கம் இல்லை... சாலையில் கீழே.

"பெரியப்பா வீட்டுப் பக்கம் போறாங்கடா," என்றாள் எனெலேசி.

லைட்டோனியின் பைக் எத்தனையாவது உதையில் கிளம்பியதோ, அவனுக்கே தெரியாது. விளக்கு வெளிச்சம் மூட்டத்தில் முட்டி நின்றது. முதலில் பூட்ஸ் சத்தம் முன்னால் கேட்டது. அப்புறம் இரண்டு பக்கமும். தப்... தப்... தப். ஒருவரையும் காணோம். ஈரக் கம்பளி ஒன்று அவள் முழங்காலை உரசிவிட்டுப் போனது. காதோரத்தில், மூச்சு படுகிற தூரத்தில், ஒரு குரல்.

"மெதுவாப் போகச் சொல்லு பொண்ணே. வழுக்கும்."

அவள் லைட்டோனியின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நிமிரவே இல்லை.

வீட்டில் விளக்கு எரிந்தது. கபோலோமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மருமகள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, மூச்சு வாங்க எனெலேசி எல்லாவற்றையும் சொன்னாள். கிழவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கையால் விலக்கினார்.

"கூப்பிட்ட குரலு... கரகரன்னு இருந்துச்சா?"

"ஆமா பெரியப்பா."

"சார்ஜென்ட்டு." என்றார் கிழவர். "ஆத்துக்கு அந்தப் பக்கம் கால் போயிக் கெடந்தார். நானும் ஒங்கப்பனும்தான் அவருக்குக் காவல். விட்டுட்டு நீந்தி வந்துட்டோம். ஆள் எண்ணாம நகராதீங்கடான்னு கத்திக்கிட்டே இருந்தார். இக்கரைக்கு வந்தும் கேட்டுச்சு. அப்புறம் நின்னு போச்சு."

"என்ன நடந்தாலும் வாயத் தொறக்காதீங்க பெரியப்பா."

சொல்லி முடிக்கவில்லை... வாசலில் பூட்ஸ்கள் நின்றன. எல்லாம் ஒரே தட்டலில்.

"சிட்டாண்டே கபோலோமா!"

கிழவர் போர்வையைப் பல்லில் கடித்துக்கொண்டார்.

"சிட்டாண்டே கபோலோமா!"

மருமகள் எனெலேசியின் பக்கம் நகர்ந்து கை நீட்டினாள். எனெலேசி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது முறை கூப்பிட்டபோது சுவரில் தொங்கிய காலண்டர் ஆடியது. அப்புறம் கதவின் தாழ்ப்பாள் தானாக மேலே ஏறத் தொடங்கியது. லைட்டோனி இரண்டு கையாலும் அதை அழுத்தினான். ஏறிக்கொண்டே இருந்தது.

"உள்ளேன் ஐயா!"

வெளியே, வரிசைக்குள்ளிருந்து. நாக்குத் தட்டுகிற குரல்.

பள்ளிக்கூடத்தில் மட்டம் போட்ட சிநேகிதனுக்குப் பக்கத்துப் பையன் ஆஜர் சொல்வானே... அப்படி. அவளுடைய அப்பா, தன் தோழனுக்காகச் சொல்லிவிட்டார்.

தாழ்ப்பாள் விழுந்தது. பூட்ஸ்கள் திரும்பின. சத்தம் தேய்ந்து தேய்ந்து மூட்டத்துக்குள் போனது. கபோலோமா போர்வையைத் துப்பிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். "நமலோம்பா... பாவி... எனக்காகவாடா..."

மறுநாள் வண்டி வந்தது. எல்லாப் போட்டோக்களும் பெயரோடு போயின. வண்டி வருவதற்குள், முந்தைய நாள் ஒட்டாத மிச்சத்தைப் பகல் வெளிச்சத்தில்கூட எனெலேசி வாய்விட்டுப் படிக்கவில்லை. மனசுக்குள் படித்துத் தானே எழுதி ஒட்டினாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை.

கபோலோமா பிழைத்தார். பிழைத்துக்கொண்டே இருந்தார். ஒரு குளிர்காலத்தில் மார்ச்சளி கண்டு மூச்சு நின்றது. சவப்பெட்டி வாங்கி, பெண்கள் கூடி ஒப்பாரி வைத்து, பாதிரியாரும் வந்தாகிவிட்டது. விடியும்போது தண்ணீர் கேட்டார். இன்னொரு முறையும் அப்படியே. கண் போனது. தோல் எலும்போடு ஒட்டிப் புண்ணானது. மருமகள் கிழவியாகிச் செத்தாள். அவளுக்குப் பிறகு பேத்தி பார்த்துக்கொண்டாள். எனெலேசி போகும்போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றுதான். "ஒங்கப்பன் என் எடத்துல நிக்கிறான். நான் எங்கம்மா போயி நிக்கிறது?"

சிப்பரோனி விழுகிற சாயங்காலங்களில் தன்னைத் தூக்கி வாசலில் உட்கார வைக்கச் சொல்வார். போன ஜூனில் அப்படி உட்கார்ந்திருந்தபோது எனெலேசியும் கூட இருந்தாள். மூட்டம் இறங்கியது. நனைந்த கம்பளி வாடை. தூரத்தில்... தப், தப், தப்.

அன்றைக்குப் போர்வையைக் கடித்துக்கொண்ட மனிதர், இருந்த உயிரையெல்லாம் திரட்டிக் கத்தினார். "சிட்டாண்டே கபோலோமா! உள்ளேன் ஐயா! உள்ளேன் ஐயா!" நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். சேற்றில் முழங்கையை ஊன்றி ஊன்றிச் சாலைவரை தவழ்ந்தார். எனெலேசி தடுக்கவில்லை. போகட்டும், இத்தனை நாள் கழித்தாவது போகட்டும் என்று நின்றாள்.

பூட்ஸ்கள் நின்றன.

பிறகு மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு வாலிபக் குரல் பேசியது. லேசாக நாக்குத் தட்டுகிற குரல். தோழனைத் தெரிந்த குரலாக இல்லை. மகளைத் தெரிந்த குரலாகவும் இல்லை.

"யாரோ ஒரு கெழவன் கத்துறான் சார்ஜென்ட். நம்ம ஆளுங்க எல்லாரும் இருக்கோம்."