மூன்று பிடி அரிசி

செல் வருகிறது, பீரங்கிக் குண்டு. தொலைவில் "டும்". அது ஏவும் சத்தம். பிறகு கூவல். கூவல் சட்டென்று நின்றால் நமக்குத்தான். மகளை வயிற்றுக்கடியில் போட்டுக் குப்புறப் படுத்திருக்கிறேன். ஜெனிக்கு நாலு வயது. அழவில்லை. பசியில் அழுகையும் வற்றிப்போய்விட்டது.

2009, ஏப்ரல். போரின் கடைசி நாட்கள். மாத்தளன் கடற்கரை. தேதி நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் தெரியும். காலையில் என் கணவர் பங்கருக்குள் ஆராதனை நடத்தியிருந்தார். அவர் போதகர். பங்கர் என்றால் மணலில் தோண்டிய குழி. சுற்றிவர மண்மூட்டை. மூட்டைகள் எங்கள் கூறைச் சேலைகளில் தைத்தவை.

எங்கள் சபைப் பெண்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். பிடியரிசி. அது போதகர் வீட்டுக்கு. கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த அரிசியைத்தான் பொங்கினேன். ஊர் ஊராய் ஓடியபோதும் அது நிற்கவில்லை.

சனிக்கிழமை மிச்சமிருந்த அரிசி முழுவதையும் அக்கம்பக்கத்துப் பங்கர்களுக்குக் கஞ்சி காய்ச்சச் சொன்னார் என் கணவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிள்ளைக்கு ஒரு சுண்டு அரிசியாவது வையுங்கோ!" என்று கத்தினேன்.

"படியளக்கிறவர் அளப்பார். தன்ர வேலைக்காரரை அவர் பட்டினி போடமாட்டார்" என்றார். அடிக்கலாம் போல இருந்தது.

ஞாயிறு மதியம். பானை காலி. மூன்று பெண்கள் குனிந்து ஓடி வருகிறார்கள். முன்னால் ரூபி, எங்கள் பாட்டுக்காரி. பின்னால் அவளுடைய மாமி கனகம்மா. கடைசியில் சின்னத்தங்கம், ஊரில் கோயில் கூட்டியவள். எங்களுக்குத்தான் அரிசி கொண்டு வருகிறார்கள்.

"டும்."

"படுங்கோ! படுங்கோ!" என் கணவர் கத்துகிறார்.

படுத்தார்கள். கூவல் நின்றது. நிலம் குலுங்கியது. அவர்களை இழுத்து வர அவர் வெளியே பாய்ந்தார். "நீ வராத! பிள்ளையப் பிடி!" அதுதான் கடைசிப் பேச்சு. இரண்டாவது செல்.

ஓய்ந்ததும் ஊர்ந்து போனேன். ரூபியின் முந்தானை முடிச்சு அவிழவே இல்லை. மூவரின் அரிசியும் அதற்குள். ஒரு மணி மண் படவில்லை.

அந்த அரிசியில் கஞ்சி காய்ச்சினேன். அன்று மாலையே. நாலு பேரையும் புதைத்துவிட்டு வந்து, கையைக் கழுவிவிட்டு. ஜெனி குடித்தாள். இன்னும் கேட்டாள்.

இப்போது பினாங்கு. டத்தோ கிராமாட்டில் ஓர் அறை. சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரிக்கிறேன். அகதிக்குக் கிடைக்கிற வேலை. ஜெனி சிம்பாங் அம்பாட்டில் ஒரு பாக்டரிக்குப் போகிறாள். களைத்து வந்து, சாப்பிட்டுத் தூங்குகிறாள். உயிரோடு இருக்கிறாள்.

இங்குள்ள சபையில் செல்வி என்று ஒருத்தி. நல்லவள். எனக்குக் காய்ச்சல் என்றால் காரில் ஏற்றிக் கிளினிக்குக் கொண்டுபோவாள். முந்தாநாள் வந்து கேட்டாள்: "அக்கா, இந்த ஞாயித்துக்கெழம நீங்க சாட்சி சொல்லணும் லா. ஊழியக்காரங்கள ஆண்டவர் எப்படி போஷிச்சாருன்னு. ஆனா சந்தோஷமா முடிச்சிருங்க, ஆ?"

சந்தோஷமாக முடிக்க எனக்குத் தெம்பில்லை, செல்வி. அலுத்துப்போனேன். ஆனாலும் உலை வைக்கும்போது கை தானாக ஒரு பிடியை எடுத்து வைக்கிறது. டப்பா நிறைந்ததும் நீதானே சபைக்குக் கொண்டுபோகிறாய்.

படியளந்தார். இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். யாருடைய கையால் அளந்தார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வேன். அதைக் கேட்கத் திராணி இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள்.

கனகம்மா. சின்னத்தங்கம். ரூபி. என் கணவர் யேசுதாசன்.

போனது நாலு பேர். வந்தது மூன்று பிடி அரிசி. ஒரு பிள்ளைக்கு ஒருவேளைக் கஞ்சி.