சாவித்ரியை நிற்க வைக்காதீர்கள்

தலைமை இருக்கையைத் தகுதியால் நிறைத்திருக்கும் ஏகநாதன் அவர்களே, செயலாளர் குமரவேல் அவர்களே, மேடவாக்கம் நடையாளர் சங்கத்தின் மூத்தோர்களே, முன்வரிசைத் தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சங்கம் 2014 ஜூன் ஒன்பதில் தொடங்கியதாக அழைப்பிதழ் சொல்கிறது. தவறு. ஜூன் பதினைந்து, ஞாயிறு. சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். இனிமேல் நான் சொல்லப்போவதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

நடையின் நன்மையைப் பேச அழைத்தீர்கள். நடை செத்துப்போவதைப் பேச வந்திருக்கிறேன்.

நம்மை நடத்துவது எது? காலா? முழங்காலா? இல்லை ஐயா. நடக்க நினைப்பது மேல்மூளை. நினைப்பை நடையாக்குவது அதன் அடியில் கட்டைவிரல் பருமனில் இருக்கும் மூளைத்தண்டு. எந்தத் தசை இறுக வேண்டும், எது இளக வேண்டும் என்று நாம் கேளாமலே கட்டளையிடுவது அது. நாம் கையை நீட்டுமுன்னே முதுகை நிறுத்தி, விழாமல் காப்பதும் அது.

அந்தத் தண்டுதான் என் மனைவி சாவித்ரிக்குத் தேய்ந்துகொண்டிருக்கிறது. 2023 மார்ச் ஒன்பது, வியாழக்கிழமை. பால் பாக்கெட்டை எடுத்துத் திரும்பியவள், கைகூட ஊன்றாமல் பின்புறமாகச் சாய்ந்தாள். பரிசோதித்த மருத்துவர் ஷீலா சொன்னார்: “கால்ல பலம் அப்படியே இருக்கு சார். விழாம பிடிச்சுக்கற இடம்தான் போயிட்டிருக்கு.”

“மருந்து?” என்றேன்.

“இல்ல சார்.”

நம் சங்கம் அதை நம்பியதா? நடந்தே சர்க்கரையைக் குறைத்தவர்களாயிற்றே நாம். காலைதோறும் வந்தீர்கள், இருபுறமும் கைகொடுத்துத் தூக்கினீர்கள், பூங்காவைச் சுற்றி நடத்தினீர்கள். “இன்னாக்கா, மன்சுல பயத்த வச்சிகினு கீற. நாலு ரவுண்டு போனா கால் தானா வரும்” என்றார் நம் மாரி. அன்புதான். அந்த அன்பின் கைகளுக்கிடையிலேயே விழுந்தாள். பின்மண்டையில் தையல் போட்டோம். தையல் பிரித்ததும் மறுபடி வந்தீர்கள்.

நேற்று மாலை, குழறும் குரலில் என்னிடம் சொன்னாள்: “என்னை நடத்த வேணாம்னு சொல்லுங்களேன். அவங்க மனசு நோகாம சொல்லுங்க.”

நோகாமல் சொல்ல எனக்கு எந்தச் சொல் இருக்கிறது? எங்கே தேடுவேன்? யாரிடம் கேட்பேன்?

யாரது அங்கே, “நம்பிக்கை வேணும் சார்” என்பது? இருந்தது ஐயா. நிறைய இருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் விழுந்த தரையில் நானும் அமர்ந்திருக்கிறேன். தேய்ந்த தண்டு திரும்பாது. அவள் இனி நடக்கமாட்டாள். இதை உரக்கச் சொல்வது எனக்கும் இன்றுதான் முதல்முறை.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது அவளுக்குப் பொன்னாடை. மேடையேற்றி நிற்கவைப்பதாகத் திட்டம். மாரி, அவளைத் தூக்கத் தோளில் வைத்த கையை எடுங்கள். எடுத்துவிடுங்கள். குமரவேல் தம்பி, ஆடையை என்னிடம் கொடுங்கள், நானே இறங்கிப் போய்ப் போர்த்துகிறேன்.

நாளைக் காலையும் வீட்டுக்கு வாருங்கள். வந்து அவள் பக்கத்தில் உட்காருங்கள். எழுப்பி நிறுத்தாதீர்கள்.

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்டதற்கு நன்றி. யாரும் எழ வேண்டாம். அமர்ந்தபடியே என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.